லூப்ல முந்தின ரெக்கார்டோட டேட்டா அடுத்த ரெக்கார்டுக்கு ஒட்டிக்கிட்டு வருது, வேரியபிளை எங்க டிக்ளேர் பண்ணணும்?

கேள்வி சுருக்கமா இதுதான்: கஸ்டமர் லிஸ்டை ஒரு லூப்ல ஓட்டி ஒவ்வொருத்தருக்கும் மெயில் தயார் பண்றாங்க, ஃபோன் நம்பரே கொடுக்காத கஸ்டமருக்குப் போற மெயில்ல அவருக்கு முன்னாடி இருந்தவரோட நம்பர் வந்து நிக்குது. ஒவ்வொரு சுத்தோட ஆரம்பத்துலயும் வேரியபிளை எல்லாம் காலி பண்ணினா போதுமா, இல்ல வேரியபிளையே லூப்புக்கு உள்ள கொண்டு போகணுமா, உள்ள கொண்டு போனா ஸ்லோ ஆகிடாதா?

உள்ள கொண்டு போங்க, டிக்ளேர் பண்ற அதே வரியிலயே ஒரு மதிப்பையும் கொடுத்துடுங்க. பெரும்பாலான கேஸ்ல இது போதும். ஆனா நீங்க எழுதுற மொழி அந்த "உள்ள"ங்கிறதை எப்படி எடுத்துக்குதுன்னு தெரியாம செஞ்சா சரி பண்ணிட்டோம்னு நினைச்சுக்கிட்டே அதே தப்போட இருப்பீங்க, அதனாலதான் இந்தப் பதில் கொஞ்சம் நீளமாப் போகுது.

முதல்ல உங்க கோடு என்ன பண்ணுதுன்னு ஒரு தடவை கையால ஓட்டிப் பாத்துடலாம். மொழி எதுவா இருந்தாலும் அதோட எலும்புக்கூடு இப்படித்தான் இருக்கும்:

ஃபோன் = காலி
ஒவ்வொரு கஸ்டமருக்கும்:
    கஸ்டமர்.நம்பர் இருந்தா:
        ஃபோன் = கஸ்டமர்.நம்பர்
    மெயில்_தயார்(கஸ்டமர்.பேரு, ஃபோன்)

மூணு ரெக்கார்டு வருதுன்னு வைங்க, முதல் ஆளுக்கு நம்பர் 111, ரெண்டாவது ஆளுக்கு நம்பர் இல்ல, மூணாவது ஆளுக்கு 333. முதல் சுத்துல ஃபோன் 111 ஆகுது, மெயில் சரியா போகுது. ரெண்டாவது சுத்துல கண்டிஷன் பொய், அதனால ஃபோனுக்கு யாரும் எதையும் எழுதல, அதுல இன்னும் 111தான் உக்காந்திருக்கு, மெயில் அந்த 111ஓட கிளம்பிடுது. மூணாவது சுத்துல 333 வந்து பழசை அழிச்சிடுது, எல்லாம் சரியாத் தெரியுது. மேல "ஃபோன் = காலி"ன்னு எழுதினது எல்லா சுத்துக்கும் சேர்த்துன்னு நம்ம கண்ணுக்குத் தோணுது, ஆனா அது ஓடினது லூப்புக்கு முன்னாடி ஒரே ஒரு தடவைதான்.

இந்தத் தப்புல எனக்குப் பயமே அது சத்தம் போடாதுங்கிறதுதான். புரோகிராம் கிராஷ் ஆகாது, லாக்ல ஒரு எரர் வராது. வெளியில வர்ற மதிப்பும் பாக்க முழு நியாயமா இருக்கும், ஏன்னா அது நிஜமாவே ஒருத்தரோட ஃபோன் நம்பர், ஃபார்மேட் செக் எதை வச்சாலும் பாஸ் ஆகிடும். டெஸ்ட்லயும் மாட்டாது, ஏன்னா டெஸ்ட் டேட்டா எழுதும்போது நாம எல்லா ஃபீல்டையும் அழகா நிரப்பித்தான் எழுதுறோம், காலி ஃபீல்டு நிஜ டேட்டாலதான் வரும். அதுக்கும் மேல இங்க கசியறது இன்னொரு மனுஷரோட விவரம், அது அவர் சம்மதம் இல்லாம வேற ஒருத்தர் கைக்குப் போகுது. அதனால இதை ஒரு சின்ன டிஸ்ப்ளே பிரச்சனையா எடுத்துக்காதீங்க.

சரி, ஆரம்பத்துல காலி பண்றதா, உள்ள டிக்ளேர் பண்றதா? சுத்து ஆரம்பத்துல காலி பண்ற வழி வேலை செய்யும், தப்புன்னு சொல்ல மாட்டேன். ஆனா அது உங்க ஞாபக சக்தியை நம்பி ஓடுற வழி. இன்னைக்கு நாலு வேரியபிள் இருக்கு, நாலையும் காலி பண்றீங்க. ஆறு மாசம் கழிச்சு வேற ஒருத்தர் வந்து அஞ்சாவதா டிஸ்கவுண்ட்னு ஒண்ணு சேர்க்கிறார், அதை லூப்புக்கு மேல டிக்ளேர் பண்ணிடுறார், காலி பண்ற வரியை எழுத மறந்துடுறார், கோடை மொழிபெயர்த்துச் சரிபாக்கிற எந்தக் கம்பைலரும் அவரை நிறுத்தாது. இன்னும் மோசமானது காலி பண்ற வேலையை லூப்போட கடைசியில வைக்கிறது, நிறைய பழைய கோடுல இப்படி பாக்கலாம், எல்லா வேலையும் முடிச்சுட்டு "அடுத்தவருக்காக" துடைச்சு வச்சுட்டுப் போற மாதிரி எழுதியிருப்பாங்க. நடுவுல ஒரு கன்டின்யூ (மீதியை விட்டுட்டு அடுத்த சுத்துக்குத் தாவுற கட்டளை) வந்தா அந்தத் துடைக்கிற வரிகள் ஓடவே ஓடாது. எக்ஸப்ஷனை, அதாவது ஓடும்போது வர்ற பிழையை, பிடிச்சுட்டு அடுத்த ரெக்கார்டுக்குத் தாவினாலும் அதே கதைதான். காலி பண்ணியே ஆகணும்னு வேற வழி இல்லாத இடத்துல, அதை சுத்தோட முதல் வரியாத்தான் வைக்கணும், கடைசி வரியா வைக்கவே கூடாது.

உள்ள டிக்ளேர் பண்றப்ப நிலைமையே வேற. அந்தப் பேரு அந்த சுத்துல பிறந்து அந்த சுத்தோட போயிடுது, அடுத்த சுத்துக்குக் கொண்டு போக எதுவுமே இல்ல. மறக்கிறதுக்கும் ஒண்ணும் இல்ல. ஜாவா, சி ஷார்ப், ரஸ்ட் மாதிரி மொழிகள்ல இன்னொரு பெரிய லாபம் இருக்கு: உள்ள டிக்ளேர் பண்ணிட்டு ஏதோ ஒரு கிளையில மதிப்பு கொடுக்காம விட்டுட்டு அப்புறம் அதைப் படிச்சீங்கன்னா, கம்பைலரே "இதுக்கு இன்னும் மதிப்பு வரல"ன்னு எரர் அடிக்கும். அதாவது நம்பர் இல்லாத கஸ்டமருக்கு என்ன பண்ணப் போறீங்கன்னு கோடு ஓடுறதுக்கு முன்னாடியே உங்களை யோசிக்க வைக்கும். வேரியபிள் லூப்புக்கு வெளியில காலியா ஆரம்பிச்சிருந்தா இந்த உதவி கிடைக்காது, ஏன்னா கம்பைலர் பார்வையில அதுக்கு ஏற்கனவே ஒரு மதிப்பு இருக்கு. மதிப்பே மாறாத மாதிரி எழுத முடிஞ்சா, அதாவது கான்ஸ்ட், ஃபைனல் போட்டு ஒரே எக்ஸ்பிரஷன்ல "நம்பர் இருந்தா அது, இல்லன்னா காலி"ன்னு எழுத முடிஞ்சா, இன்னும் நல்லது, இந்தப் பிரச்சனைக்கு இடமே இருக்காது.

இனிமே மொழிக்கு மொழி என்ன ஆகுதுன்னு பாக்கலாம்.

ஜாவாஸ்கிரிப்ட்ல 2015ல வந்த லெட், கான்ஸ்ட் ரெண்டும் பிளாக் (லூப், இஃப் மாதிரி ஒரு துண்டுக் கோடு) அளவுலதான் வாழும். அதுக்கு முன்னாடி இருந்த வார் பிளாக்கை மதிக்கவே மதிக்காது, அது முழு ஃபங்ஷனுக்கும் சொந்தம், நீங்க எந்த மூலையில எழுதினாலும் டிக்ளரேஷன் ஃபங்ஷனோட உச்சிக்குப் போயிடும். இதுல பலபேர் கவனிக்காத ஒரு நுணுக்கம் இருக்கு. லூப்புக்கு உள்ள "வார் ஃபோன்;"னு மதிப்பு கொடுக்காம எழுதினா அது ஒவ்வொரு சுத்துலயும் ஒண்ணுமே பண்ணாது, போன சுத்தோட மதிப்பு அப்படியே இருக்கும். அதே இடத்துல "லெட் ஃபோன்;"னு எழுதினா ஒவ்வொரு சுத்துலயும் புதுசா அன்டிஃபைன்டுன்னு ஆரம்பிக்கும். பாக்க ஒரு சொல்தான் வித்தியாசம், ஒண்ணு கசியும், இன்னொண்ணு கசியாது. பழைய கோடுல வார் உள்ள இருக்கேன்னு நம்பி இருந்துடாதீங்க.

பைத்தான்ல லூப்புக்குன்னு தனி ஸ்கோப்பே, அதாவது ஒரு பேரு செல்லுபடியாகுற எல்லையே, கிடையாது. இஃப், ஃபார், ட்ரை எதுக்கும் கிடையாது. ஃபங்ஷன், கிளாஸ், மாட்யூல், அப்புறம் காம்ப்ரிஹென்ஷன் (ஒரே வரியில லிஸ்ட் உண்டாக்குற முறை) மாதிரி சிலதுதான் ஸ்கோப் உண்டாக்கும். லூப் முடிஞ்ச பிறகும் லூப் வேரியபிள் கடைசி மதிப்போட உயிரோட இருக்கும். பைத்தான் 2ல லிஸ்ட் காம்ப்ரிஹென்ஷன்ல இருந்தே வேரியபிள் வெளியில கசிஞ்சுக்கிட்டு இருந்துச்சு, 3ல அதை மட்டும் அடைச்சாங்க. அதனால பைத்தான்ல "உள்ள டிக்ளேர் பண்றது"ன்னா நடைமுறையில சுத்தோட முதல்ல ஒரு மதிப்பு கொடுக்கிறதுதான். இங்க ரொம்ப அதிகமா மாட்டுறது பிழையைப் பிடிக்கிற ட்ரை எக்ஸெப்ட்தான்:

ஒவ்வொரு வரிக்கும்:
    முயற்சி:
        தொகை = எண்ணா_மாத்து(வரி.தொகை)
    பிழை வந்தா:
        லாக்("மாத்த முடியல")
    முடிவு.சேர்(வரி.ஐடி, தொகை)

எண்ணா மாத்த முடியாத வரி வந்தா பிழையைப் பிடிச்சு லாக் பண்ணிடுறாங்க, ரொம்பப் பொறுப்பா எழுதின மாதிரி இருக்கு, ஆனா அடுத்த வரியில போன ரெக்கார்டோட தொகை இந்த ஐடிக்குப் போய்ச் சேருது. இதுல கூடுதல் குழப்பம், கெட்ட வரி முதல் வரியா இருந்தா பேரே இல்லன்னு புரோகிராம் நின்னுடும், நடுவுல வந்தா சத்தமே இல்லாமப் போகும். அதே ஃபைலை வேற வரிசையில கொடுத்தா வேற மாதிரி நடந்துக்குதுன்னா உடனே இந்தப் பக்கம் சந்தேகப்படுங்க. சரியான இடம் எதுன்னா, முடிவுல சேர்க்கிற வரியை பிழை வராதப்ப மட்டும் ஓடுற ட்ரையோட எல்ஸ் பகுதிக்குக் கொண்டு போறது, இல்ல எக்ஸெப்ட்லயே கன்டின்யூ போடுறது.

பிஎச்பிலயும் வேரியபிள் ஃபங்ஷனுக்குத்தான் சொந்தம், லூப்புக்கு இல்ல. அதோட அங்க ரெஃபரன்ஸ்னு (மதிப்பைக் காப்பி பண்ணாம அது இருக்கிற இடத்தையே சுட்டுறது) ஒரு தனி வம்பு இருக்கு, இதைக் கொஞ்சம் நெருங்கிப் பாக்கலாம். 10, 20, 30னு ஒரு அர்ரே. ஃபார்ஈச்ல ஆம்பர்சேண்ட் போட்டு ரெஃபரன்ஸா ஓடுறீங்க, உள்ள ஒண்ணுமே மாத்தலன்னே வைங்க. லூப் முடிஞ்சதும் அந்த வேரியபிள் போகாம, அர்ரேயோட கடைசி இடத்தை இன்னும் பிடிச்சுக்கிட்டு இருக்கும். அப்புறம் அதே பேரை வச்சு, இந்தத் தடவை ரெஃபரன்ஸ் இல்லாம, இன்னொரு ஃபார்ஈச் ஓட்டுறீங்க. முதல் சுத்துல 10ஐ அந்த வேரியபிள்ல எழுதுது, அதாவது கடைசி இடத்துலயே எழுதுது, அர்ரே 10, 20, 10 ஆகுது. ரெண்டாவது சுத்துல 20ஐ எழுதுது, 10, 20, 20. மூணாவது சுத்துல கடைசி இடத்தைப் படிக்குது, அங்க ஏற்கனவே 20தான் இருக்கு. முடிவு 10, 20, 20. உங்க 30 காணாமப் போச்சு, ரெண்டு லூப்லயும் நீங்க எதையும் மாத்தவே இல்ல. ரெஃபரன்ஸ் லூப் முடிஞ்ச உடனே அந்த வேரியபிளை அன்செட் பண்ணி விடுவிச்சுடுங்கன்னு பிஎச்பி மேனுவலே சொல்லுது, அதை விட நல்லது அந்த லூப்பை ஒரு ஃபங்ஷனுக்குள்ள அடைச்சுடறது.

விபி டாட் நெட்ல இருக்கறது ரொம்ப ஏமாத்துற வகை. அங்க பிளாக் ஸ்கோப் உண்டு, லூப்புக்குள்ள டிம் (அங்க டிக்ளேர் பண்ற சொல்) போட்டா வெளியில அந்தப் பேரு தெரியாது. ஆனா அதோட ஆயுசு முழு புரொசீஜருக்கும், அதனால மதிப்பு கொடுக்காம டிம் போட்டீங்கன்னா போன சுத்தோட மதிப்பு அப்படியே இருக்கும், மைக்ரோசாஃப்ட் டாக்குமென்டேஷன்லயே இதைச் சொல்லி, பிளாக் ஆரம்பத்துல மதிப்பு கொடுங்கன்னு எழுதியிருக்காங்க. ஒரு பேரு எங்கெல்லாம் தெரியும்ங்கிறதும் அதுக்குப் பின்னாடி இருக்கிற இடம் எவ்வளவு நேரம் உயிரோட இருக்கும்ங்கிறதும் வேற வேற விஷயம், பெரும்பாலான மொழிகள்ல ரெண்டும் சேர்ந்தே போறதால நாம ஒண்ணுன்னு நினைச்சுக்கறோம். விபிஏல எக்செல் மேக்ரோ எழுதுறவங்களுக்கு இன்னும் கஷ்டம், அங்க பிளாக் ஸ்கோப்பும் இல்ல, மேல ஆன் எரர் ரெஸ்யூம் நெக்ஸ்ட்னு போட்டுட்டா ஃபெயில் ஆன வரி அப்படியே தாண்டிப் போகும், வேரியபிள்ல முந்தின வரியோட மதிப்பு தங்கிடும்.

எஸ்ஏபிங்கிற நிறுவன மென்பொருள்ல ஏபாப் மொழி எழுதுறவங்களுக்கு இது தினசரி தலைவலி. லூப்புக்குள்ள டேட்டான்னு டிக்ளேர் பண்ணினாலும் அது முழு மெத்தடுக்கும் சொந்தம், ஒவ்வொரு சுத்துலயும் புதுசாகாது. அதோட ரீட் டேபிள் போட்டு ரெக்கார்டு கிடைக்கலன்னா ஒர்க் ஏரியாவை (ரெக்கார்டு வந்து விழுற வேரியபிளை) அது தொடவே தொடாது, செலக்ட் சிங்கிளும் அப்படித்தான். ரெக்கார்டு கிடைச்சதா இல்லையான்னு சொல்ற சை-சப்ஆர்சியைப் பாக்காம அடுத்த வரியில ஒர்க் ஏரியாவைப் படிச்சா போன கஸ்டமரோட அட்ரஸ்தான் வரும். ஆகவே அங்க ரெண்டும் வேணும், ரீடுக்கு முன்னாடி கிளியர், ரீடுக்குப் பின்னாடி சப்ஆர்சி செக்.

சில மொழிகளை வேகமா தாண்டிடறேன். சி, சி++ல உள்ள டிக்ளேர் பண்ணிட்டு மதிப்பு கொடுக்கலன்னா அது என்ன மதிப்புன்னு மொழி எந்த உத்தரவாதமும் தராது, நடைமுறையில அதே ஸ்டாக் (தற்காலிக நினைவகம்) இடம் திரும்பக் கிடைக்கிறதால போன சுத்தோட மதிப்பே அடிக்கடி தெரியும், ஆப்டிமைசேஷனை மாத்தினா வேற ஏதாவது தெரியும். பெர்ல்ல மை (அங்க டிக்ளேர் பண்ற சொல்) போட்டா ஒவ்வொரு சுத்துலயும் புதுசு, ஆனா மை போட்ட வரியோட வால்ல ஒரு இஃப் ஒட்டினா, அந்தக் கண்டிஷன் பொய்யாகும்போது பழைய மதிப்பு வந்து நிக்கலாம், அப்படி எழுதவே எழுதாதீங்க. கோ மொழியில உள்ள டிக்ளேர் பண்ணினா ஜீரோ மதிப்போட புதுசா வரும், அதுல பிரச்சனை இல்ல.

கோ மொழியில பிரச்சனை வேற இடத்துல இருக்கு, ஏபிஐ வேலை பண்றவங்க இதைக் கவனிக்கணும். ஒரு ஸ்ட்ரக்ட்டை (பல ஃபீல்டு சேர்ந்த ஒரு வேரியபிளை) லூப்புக்கு வெளியில டிக்ளேர் பண்ணி, ஒவ்வொரு சுத்துலயும் ஒரு ஜேசன் (எழுத்து வடிவ டேட்டா) துண்டை அதே ஸ்ட்ரக்ட்டுக்குள்ள அன்மார்ஷல் பண்ணி நிரப்பினா, ஜேசன்ல இல்லாத ஃபீல்டை அது தொடாது. முதல் ஜேசன்ல ஃபோன் இருக்கு, ரெண்டாவதுல அந்தக் கீயே இல்லன்னா ரெண்டாவது ஆளுக்கு முதல் ஆளோட ஃபோன். உங்க கேள்வியில இருக்கிற அதே தப்பு, ஆனா இங்க இஃப்னு ஒண்ணு கண்ணுக்கே தெரியாது, அது லைப்ரரிக்குள்ள ஒளிஞ்சிருக்கு. ஸ்ட்ரக்ட் டிக்ளரேஷனை ஒரு வரி கீழ இறக்கி லூப்புக்குள்ள வச்சா சரியாகிடும்.

இப்ப க்ளோஷர், அதாவது வெளியில இருக்கிற வேரியபிளைப் பிடிச்சு வச்சுக்கற ஃபங்ஷன். இது கொஞ்சம் வேற வகை கசிவு, முந்தின சுத்து அடுத்ததுக்குக் கசியறதுக்குப் பதிலா கடைசி சுத்து எல்லாத்து மேலயும் ஏறி உக்காந்துக்கும். லூப்புக்குள்ள ஒரு ஃபங்ஷனை உண்டாக்கி அதை அப்புறம் ஓட வைக்கிறீங்க, டைமர், பட்டன் க்ளிக், த்ரெட் எதுவா வேணா இருக்கட்டும். அந்த ஃபங்ஷன் பிடிச்சு வச்சிருக்கிறது மதிப்பை இல்ல, வேரியபிளை. எல்லா சுத்துக்கும் ஒரே வேரியபிள்தான்னா எல்லா ஃபங்ஷனும் ஓடும்போது அதுல இருக்கிற ஒரே மதிப்பைத்தான் பாக்கும். ஜாவாஸ்கிரிப்ட்ல வார் போட்டு 0, 1, 2ன்னு மூணு செட்டைம்அவுட் டைமர் வச்சா 3, 3, 3ன்னு அச்சாகும், லெட் போட்டா 0, 1, 2 வரும், ஏன்னா ஃபார்ல லெட் போட்டா ஒவ்வொரு சுத்துக்கும் ஒரு புது வேரியபிளை உண்டாக்கி அதுக்கு மதிப்பைக் காப்பி பண்ணணும்னு ஸ்பெசிஃபிகேஷனே சொல்லுது.

இது எவ்வளவு பெருசா வெடிக்கும்னா, 2020 பிப்ரவரி 29ல, வெப்சைட்டுகளுக்குப் பாதுகாப்பு சர்டிபிகேட் கொடுக்கிற லெட்ஸ் என்க்ரிப்ட் ஒரு பிழையை வெளியில அறிவிச்சாங்க. அவங்களோட போல்டர் மென்பொருள் கோ மொழியில எழுதினது. ஒரு சர்டிபிகேட்ல பல டொமைன் இருந்து அதுக்கெல்லாம் சிஏஏ ரெக்கார்டை (அந்த டொமைனுக்கு யார் சர்டிபிகேட் கொடுக்கலாம்னு சொல்ற பதிவை) மறுபடி செக் பண்ண வேண்டியிருந்தா, ஒவ்வொரு டொமைனையும் ஒரு தடவை பாக்காம, ஒரே டொமைனை அத்தனை தடவை பாத்துக்கிட்டு இருந்துச்சு. காரணம் லூப் வேரியபிளோட ரெஃபரன்ஸை எடுத்தது. பாதிக்கப்பட்ட சர்டிபிகேட் 30,48,289. பாதுகாப்பே தொழிலா இருக்கிறவங்க, எல்லாரும் படிக்கிற மாதிரி திறந்து வச்ச கோடு, அங்கயும் இது கண்ணுல படாமப் போயிருக்கு, அதனால கவனமா இருந்தா போதும்னு யாராவது சொன்னா நான் ஒத்துக்க மாட்டேன்.

கோ டீம் அப்புறம் மொழியையே மாத்திட்டாங்க. 2024 பிப்ரவரியில வந்த 1.22ல இருந்து லூப் வேரியபிள் ஒவ்வொரு சுத்துக்கும் புதுசு. ஆனா உங்க புராஜெக்ட்டோட கோ பதிப்பைச் சொல்ற கோ மாட் ஃபைல்ல 1.22 அல்லது அதுக்கு மேலன்னு எழுதியிருந்தாத்தான் அது அமலுக்கு வரும், கம்பைலரை மட்டும் புதுசாக்கிட்டு அந்த வரியைப் பழசாவே விட்டா பழைய நடத்தைதான். சி ஷார்ப்ல இதே மாத்தத்தை 2012ல வந்த 5ஆம் பதிப்புலயே செஞ்சாங்க, ஆனா ஃபார்ஈச்சுக்கு மட்டும், சாதாரண ஃபார் லூப்ல இன்னும் ஒரே வேரியபிள்தான், அங்க உள்ள ஒரு லோக்கல் காப்பி எடுத்து அதை லாம்டாவுக்கு (பேரில்லாத சின்ன ஃபங்ஷனுக்கு) கொடுக்கணும். ஜாவா வேற வழியில போச்சு, மதிப்பு மாறுற லோக்கல் வேரியபிளை லாம்டா பிடிக்கவே விடாது, கம்பைல் ஆகாது. பைத்தான்ல இன்னும் அப்படியேதான் இருக்கு, அங்க டீஃபால்ட் ஆர்க்யுமென்ட்ல மதிப்பைக் கட்டிப் போடுறது, மதிப்பை முன்கூட்டியே சேர்த்து வைக்கிற பார்ஷியலைப் பயன்படுத்துறது, இல்ல லாம்டாவை உண்டாக்கித் தர்ற ஒரு சின்ன ஃபங்ஷன் எழுதறதுன்னு வழி இருக்கு.

இவ்வளவு மொழி விதியையும் மனப்பாடம் பண்ண வேண்டாம்னு நினைச்சா, கிட்டத்தட்ட எல்லா மொழியிலயும் ஒரே மாதிரி வேலை செய்யற ஒரு வழி உண்டு, என் மனசுக்குப் பிடிச்சதும் அதுதான்: லூப்போட உடம்பை ஒரு ஃபங்ஷனா வெளியில எடுத்துடுங்க. ஃபங்ஷனுக்குள்ள இருக்கிற லோக்கல் வேரியபிள் ஒவ்வொரு அழைப்புக்கும் புதுசு, இது பைத்தான்லயும் பிஎச்பிலயும் ஏபாப்லயும் விபிலயும் உண்மை, ஸ்டேட்டிக் போட்டாத்தான் தங்கும். லூப் இப்படிச் சுருங்கிடும்:

ஒவ்வொரு கஸ்டமருக்கும்:
    மெயில் = மெயில்_உருவாக்கு(கஸ்டமர்)
    அனுப்பு(மெயில்)

உள்ள போறது ஒரு கஸ்டமர் மட்டும், வெளியில வர்றது ஒரு மெயில் மட்டும். இன்னொரு கஸ்டமரோட டேட்டா அங்க வரணும்னா அதுக்கு வழியே இல்ல, நடுவுல குளோபல் ஏதாவது வச்சிருந்தா ஒழிய. டெஸ்ட் எழுதவும் சுலபம், லூப் ஓட்டாமலே ஒரு காலி நம்பர் கஸ்டமரைக் கொடுத்துப் பாத்துடலாம். எழுபது எண்பது வரி ஓடுற லூப்பைப் பாத்தா நான் முதல்ல செய்யற வேலை இதுதான், எந்த வேரியபிள் கசியுதுன்னு தேடவே மாட்டேன், பிரிச்சு எடுக்கும்போது எது எதெல்லாம் வெளியில இருந்து வருதுன்னு தானாவே மாட்டிக்கும்.

ஆனா ஸ்கோப் எல்லாத்தையும் காப்பாத்தாது, இதையும் நேர்மையா சொல்லணும். ஸ்கோப் கட்டுப்படுத்துறது பேரை, அந்தப் பேரு சுட்டிக்காட்டுற ஆப்ஜெக்ட்டை இல்ல. லூப்புக்கு வெளியில ஒரே ஒரு டிக்ஷனரியை உண்டாக்கி, ஒவ்வொரு சுத்துலயும் அதுலயே நிரப்பி, லிஸ்ட்ல சேர்த்துக்கிட்டே போனா, கடைசியில லிஸ்ட்ல நூறு ரெக்கார்டு இருக்கும், நூறும் கடைசி ரெக்கார்டாவே இருக்கும், ஏன்னா நூறும் ஒரே ஆப்ஜெக்ட். இதைப் பாத்துட்டு சுத்து ஆரம்பத்துல கிளியர் போட்டீங்கன்னா ஏற்கனவே சேர்த்ததும் சேர்ந்து காலியாகும், இன்னும் குழம்பும். புது ஆப்ஜெக்ட்டை சுத்துக்குள்ளயே உண்டாக்கறதுதான் சரி. பெரிய டேட்டாவைப் பல மெஷின்ல பிரிச்சு ஓட்டுற ஹடூப் மேப்ரெட்யூஸ்ல ரெட்யூசர் பக்கம் ஃப்ரேம்வொர்க்கே வேகத்துக்காக கீ, வேல்யூ ஆப்ஜெக்ட்டைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும், உங்க வேரியபிள் உள்ளதான் இருக்கும், ஆனா அது காட்டுற ஆப்ஜெக்ட் ஒண்ணேதான், வச்சுக்கணும்னா க்ளோன் பண்ணித்தான் வச்சுக்கணும். இதே மாதிரி கேஷ், செஷன், த்ரெட் லோக்கல் இதெல்லாம் லூப்போட ஸ்கோப்புக்கு வெளியில இருக்கிற வாசல்கள், அதுல கீ சரியா வைக்கலன்னா ஸ்கோப்பால ஒண்ணும் பண்ண முடியாது.

ஸ்லோ ஆகுமான்னு கேட்டிருந்தீங்க. எண், பாயின்டர் மாதிரி சின்ன வேரியபிளை உள்ள டிக்ளேர் பண்றதுக்குக் கம்பைல் ஆகுற மொழிகள்ல கூடுதல் செலவு கிடையாது, அதுக்கான இடம் ஸ்டாக்ல ஏற்கனவே ஒதுக்கியாச்சு, இல்ல ரெஜிஸ்டர்லயே இருக்கும். ஆப்ஜெக்ட்டை ஒவ்வொரு சுத்துலயும் புதுசா உண்டாக்கினா கொஞ்சம் செலவு உண்டு, ஆனா உங்க லூப் மெயில் அனுப்புது, நெட்வொர்க்குக்குப் போகுது, அது எடுக்கிற நேரத்துக்கு முன்னாடி இதைக் கணக்குலயே எடுக்க வேண்டாம். அளந்து பாத்து இதுதான் இடைஞ்சல்னு தெரிஞ்ச பிறகு மட்டும் வெளியில தூக்குங்க.

பெரிய பஃபர் (டேட்டாவைத் தற்காலிகமா நிரப்பி வைக்கிற இடம்) மாதிரி வெளியில வச்சுத்தான் ஆகணும்னா, எவ்வளவு நிரம்புச்சுங்கிற கணக்கைக் கண்டிப்பா மதிக்கணும். 4096 பைட் பஃபர்ல ஒரு ஃபைலைத் துண்டு துண்டாப் படிக்கிறீங்க, கடைசித் துண்டு 100 பைட்தான் வந்துச்சுன்னு வைங்க. ரீட் ஃபங்ஷன் 100னு திருப்பித் தரும். அதைப் பாக்காம முழு பஃபரையும் எழுதினா, மீதி 3996 பைட்டும் போன சுத்தோட டேட்டா. அது அதே ஃபைலோடதா இருந்தா ஃபைல் கெட்டுப்போகும், அதே பஃபரை அடுத்த யூசரோட ஃபைலுக்கும் பயன்படுத்தினா ஒருத்தர் டேட்டா இன்னொருத்தர்கிட்ட போகும்.

வேணும்னே சுத்து தாண்டிப் போக வேண்டியதும் இருக்கும், மொத்தத் தொகை, எண்ணிக்கை, முந்தின வரியோட ஒப்பிட்டுப் பாக்கிறது இதெல்லாம். அதுங்க மட்டும் லூப்புக்கு மேல இருக்கட்டும், பேர்லயே மொத்தம், முந்தைய அப்படின்னு தெரியிற மாதிரி வைங்க. மேல இருக்கிற நாலு வரியைப் படிச்சாலே எது எது தாண்டிப் போகுதுன்னு அடுத்து வர்றவருக்குத் தெரியணும்.

கோடை ஓட்டாமலே தப்பைத் தேடிச் சொல்ற டூல் உதவியும் எடுத்துக்கோங்க. இஎஸ்லின்ட்ல நோ-வார், நோ-லூப்-ஃபங்க் ரெண்டையும் ஆன் பண்ணுங்க, பைலின்ட்ல செல்-வார்-ஃப்ரம்-லூப் இருக்கு, ஃப்ளேக்8 பக்பேர்ல பி023 இருக்கு, சி பக்கம் வார்னிங்கை எல்லாம் எரரா மாத்துங்க. ஆனா இதெல்லாம் முக்கியமா க்ளோஷரையும் மதிப்பு இல்லாத வேரியபிளையும் பிடிக்கும், உங்க கேஸ்ல மாதிரி பழைய மதிப்பு தங்குறதைப் பெரும்பாலும் பிடிக்காது. அதுக்கு டெஸ்ட்தான். எல்லா ஃபீல்டும் நிரம்பின ஒரு ரெக்கார்டு, உடனே அதுக்குப் பின்னாடி எல்லா ஆப்ஷனல் ஃபீல்டும் காலியான ஒரு ரெக்கார்டு, இந்த ஜோடியை ஓட்டி ரெண்டாவதுல எதுவும் ஒட்டலன்னு பாருங்க. அப்புறம் அதே இன்புட்டை வரிசையைக் கலைச்சு ஓட்டி, ஒவ்வொரு ஐடிக்கும் ரெண்டு தடவையும் ஒரே ரிசல்ட் வருதான்னு ஒப்பிடுங்க, வரிசை மாறினதும் ரிசல்ட் மாறினா உள்ள ஏதோ கசியுது.

கோடை சரி பண்ணினதோட நிக்காதீங்க, ஏற்கனவே போன மெயில் இருக்கு. மூல டேட்டாவுல நம்பர் காலியா இருக்கிற கஸ்டமர்களை எடுத்து, அவங்களுக்குப் போன மெயில்ல நம்பர் இருந்துச்சான்னு அனுப்பின லாக்கோட ஒப்பிட்டுப் பாருங்க. இருந்துச்சுன்னா அந்த நம்பரோட சொந்தக்காரர், லூப் ஓடின வரிசையில அவருக்கு முன்னாடி கடைசியா நம்பர் வச்சிருந்தவர், நடுவுல தொடர்ந்து மூணு பேருக்கு நம்பர் இல்லன்னா மூணு பேருக்குமே அந்த ஒருத்தரோட நம்பர்தான் போயிருக்கும். இந்தப் பட்டியலோட உங்க டீம்ல டேட்டா பாதுகாப்பைப் பாக்கிறவர்கிட்ட இன்னைக்கே போங்க, நம்பர் போனவங்களுக்கு எப்படித் தெரிவிக்கணும்ங்கிறதை அவரோட சேர்ந்து முடிவு பண்ணுங்க. லாக்கை அதுவரைக்கும் யாரும் அழிச்சிடாமப் பாத்துக்கோங்க.